கொம்பு வைத்த கிடா

அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் நெஞ்சு ஏறி இறங்கவில்லை.

வைஷாலி அதைக் கவனித்தது ஓர் ஆகஸ்ட் மாத மத்தியானத்தில். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டின் மழை புனே நகரத்துப் போபோடியின் தகரக் கூரைகளை விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. லோட் ஷெடிங் என்று கரண்டை எடுத்துவிட்டிருந்தார்கள். ஃபேன் நின்றுபோன அந்த ஒற்றை அறையில், காயாத துணியின் வாடையும், பக்கத்து வீட்டில் சுட்ட கருவாட்டின் வாடையும், மழையில் ஊறிய சுண்ணாம்புச் சுவரின் வாடையும் எங்கும் போக வழியில்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. கட்டிலில் பேச்சியம்மா மல்லாந்து படுத்திருந்தாள். டெங்குக் காய்ச்சலில் சாகக் கிடந்து, பிழைத்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அப்படிப்பட்ட தாய் தூங்கும்போது பெற்ற பிள்ளை என்ன பார்க்கும், சொல்லுங்கள்? மூச்சு வருகிறதா என்றுதான் பார்க்கும்.

வைஷாலியும் பார்த்தாள். மூக்குக்கு நேரே விரலை நீட்டினாள். காற்று படவில்லை. கத்துவதற்கு வாயைத் திறந்தபோதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. சைக்கிள் டியூபில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் வருமே, அப்படி ஒரு மெல்லிய 'ஸ்ஸ்'. அது அம்மாவின் முகத்திலிருந்து வரவில்லை. ரவிக்கைக்குக் கீழே, விலாப்பக்கத்திலிருந்து வந்தது. முதலில் இடது பக்கம், பிறகு வலது பக்கம். அடிவயிறு மட்டும் மெதுவாகச் சுருங்கி, மெதுவாக விரிந்தது.

அம்மா கண்ணைத் திறந்தாள். தூக்கம் கலைந்தவர்களுக்கு வருகிற சோர்வு எதுவும் அந்தக் கண்ணில் இல்லை.

"என்னட்டி வைஷாலி? காப்பி போடட்டா?"

"நை... வேண்டாம்மா. நீ தூங்கு."

பதில் சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்குள் இன்னொன்று இடித்தது. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து புனேவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் பேச்சியம்மா. அவள் நாக்குக்கு 'ஷா' வராது. பெயர் வைத்த நாளிலிருந்து மகள் அவளுக்கு "வைசாலி"தான். இப்போது அந்த 'ஷா' சுத்தமாக, நீளமாக, ஓர் இரைச்சலோடு வந்திருந்தது.

பாவம், அந்தப் பிள்ளையைக் குறை சொல்வதற்கில்லை. வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, காலேஜில் இங்கிலீஷ் என்று வளர்ந்தவள். அப்பா சந்தானத்துக்குக் கட்கி வெடிமருந்து ஃபாக்டரியில் வேலை, மகள் பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம், விலங்கியல். அந்த வருஷம் பூச்சியியல் ஒரு பாடமாக இருந்தது. பூச்சிகளைப் பிடித்து, ஊசி குத்தி, தெர்மாகோல் ஒட்டிய பெட்டியில் வரிசையாக வைத்து, மூலைக்கு ஓர் அந்துருண்டை போட்டு, வருஷ முடிவில் காலேஜில் கொடுக்க வேண்டும். வண்டு, ஈ, தும்பி, கரப்பான் என்று அம்மா பிரித்துப் பிரித்துச் சொல்வதெல்லாம் வைஷாலி வாயில் ஒரே சொல்தான். கிடா. மராத்தியில் பூச்சிக்கு அதுதான் பேர். நம் ஊரில் கொம்போடு நிற்கிற ஆட்டுக் கிடா ஒன்று உண்டு என்பதே அவளுக்குத் தெரியாது. அவர்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கறி வந்தால் அதற்குப் பேர் 'மட்டன்'. அவ்வளவுதான்.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நடந்தது இது. பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. பல் ஈறிலிருந்து ரத்தம் கசிந்தது. ஒரு சாயங்காலம் டாக்டர் அப்பாவைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். அப்பா திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றினார். வைஷாலி வராந்தாவின் கடைசி ஜன்னலுக்கு ஓடிப்போய் நின்று அழுதாள். பக்கத்து வீட்டு ஜெபமணி அத்தைதான் பின்னாலேயே வந்தாள்.

"அழாத பிள்ளே. நான் வேதக்காரி, நான் இதச் சொல்லப்படாது. ஆனா எங்க தாத்தா ஞானஸ்நானம் வாங்குததுக்கு முந்தி மாடசாமிக்குத்தான் பொங்கல் வச்சாரு. கர்த்தரு என்னைத் தெரிஞ்சவரு, கோவிச்சுக்க மாட்டாரு. நீ மாடசாமிக்கு ஒரு கிடா நேந்துக்கோ."

வைஷாலி கண்ணைத் துடைத்தாள். "கிடாவா?"

"கிடான்னா அவருக்கு உசிரு. கறுப்பா இருக்கணும். ஆணா இருக்கணும். நல்லா கொம்பு வச்சிருக்கணும், ஊனம் ஒண்ணும் இருக்கப்படாது. பீடத்துக்கு முன்னால நிப்பாட்டித் தண்ணி தெளிச்சா தலைய ஆட்டும். ஆட்டிச்சுன்னா சாமி ஏத்துக்கிட்டாருன்னு அர்த்தம்."

"அப்புறம் கொல்லணுமா அத்தை?"

"பின்னே? மடியில வச்சுக் கொஞ்சவா போறே?"

வைஷாலிக்கு இதில் எதுவும் விநோதமாகத் தோன்றவில்லை. ஏதோ ஒரு பழைய தேசத்தில் சாணி உருட்டும் வண்டைச் சாமியாகக் கும்பிட்டார்கள் என்று வகுப்பில் மேடம் சொன்னது நினைவுக்கு வந்தது. பூச்சியைக் கும்பிடுகிறவர்கள் உண்டென்றால், பூச்சியை வாங்கிக்கொள்கிற சாமியும் இருக்கும்தானே? ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, தெரிந்த தமிழையெல்லாம் கூட்டி வேண்டிக்கொண்டாள். "மாடசாமி, எனக்கு எங்க அம்மா வேணும். அம்மாவைத் திருப்பிக் கொடு. உனக்குக் கிடா தர்றேன். கொம்பு வச்ச பெரிய கிடா தர்றேன்."

விடிவதற்குள் காய்ச்சல் விட்டது. டாக்டரே இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அம்மாவை வீட்டுக்குக் கூட்டி வந்த வாரமே வைஷாலி வேண்டுதலைத் தீர்த்துவிட்டாள். தேடிப் பிடித்தது காண்டாமிருக வண்டு. எருக்குழிப் பக்கத்துத் தெருவிளக்கின் கீழே விழுந்து கிடந்தது. கட்டைவிரல் பருமன். ஷூ பாலிஷ் போட்டதுபோலக் கறுப்பு. தலையில் பின்னோக்கி வளைந்த ஒற்றைக் கொம்பு; கொம்பு நீளமாக இருப்பதால் ஆண். ஆறு காலும் முழுசாக இருந்தன. போபோடியில் முளா ஆற்றங்கரையில், ரயில் பாலத்துக்குக் கீழே, ஃபாக்டரி வேலைக்கு வந்த தமிழ்க்காரர்கள் அந்தக் காலத்தில் கட்டி வைத்த மாடசாமி பீடம் ஒன்று உண்டு. வெள்ளையடித்த செங்கல் பீடம். மழையில் பாதி பாசி பிடித்து நிற்கும். அதன் முன்னால் ஈரமண்ணில் வண்டை வைத்துத் தண்ணீர் தெளித்தாள்.

வண்டு தலையை ஆட்டியது. வெடுக், வெடுக் என்று இரண்டு தரம்.

வண்டுக்கு நட்ட நடுவில் குத்தக்கூடாது. வலது இறக்கை மூடியின் மேல்பக்கத்தில் குத்த வேண்டும் என்பது பாடம். குத்தினாள். ஊசி மண் வரைக்கும் இறங்கியது. ரத்தம் சிவப்பாக வராது என்பது அவளுக்குத் தெரியும். பூச்சியின் ரத்தத்துக்குக் காற்றைச் சுமக்கிற வேலை இல்லை, அதனால் அதில் சிவப்பும் இல்லை. கஞ்சித் தண்ணீர் போல, லேசான பச்சையோடு, ஒரு சொட்டு வந்து நின்றது. ஆறு கால்களும் காற்றில் நடந்துகொண்டே இருந்தன. நிற்க வெகுநேரம் பிடித்தது. தலைக்கு மேலே ரயில் போனபோது பீடம் அதிர்ந்தது. அவள் கும்பிட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் அந்த மத்தியானம்.

அன்றைக்குப் பார்த்ததை வைஷாலி யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் காலேஜில் மெழுகுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபோது, கரப்பானைக் கத்தரிக்கும் முன் அதன் விலாவில் விரலை வைத்துப் பார்த்தாள். கரப்பானின் முதுகைக் கத்தரித்துத் திறந்தால் உள்ளே நுரையீரல் இருக்காது. உடம்பின் இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். அவற்றிலிருந்து வெள்ளி நூல் போல மின்னிக்கொண்டு கிளைகிளையாகப் பிரிகிற மூச்சுக்குழாய்கள். வாய் தின்பதற்கு மட்டும்தான். "பூச்சியின் வாயையும் மூக்கையும் பொத்தினால் அது சாகாது," என்று மேடம் சிரித்தபடி மராத்தியில் சொன்னார். "விலாவைப் பொத்துங்கள்."

வீட்டில் அம்மா வேலை செய்துகொண்டிருந்தாள். வேலை செய்துகொண்டே இருந்தாள். காய்ச்சலுக்கு முன்னால் இடுப்பு வலிக்கிறது, முழங்கால் வலிக்கிறது என்று உட்கார்ந்து எழுந்தவள், இப்போது உட்காருவதே இல்லை. பாத்திரங்கள் பளபளத்தன. மூலை ஒட்டடை காணாமல் போயிற்று. மழைக்காலத்தில் பிடுங்கித் தின்கிற கொசு ஒன்றுகூட வீட்டுக்குள் வரவில்லை. வாசல்படி வரை ரீங்கரித்துக்கொண்டு வரும். அங்கேயே நின்று திரும்பிவிடும்.

அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். பெண்டாட்டி பிழைத்து வந்த சந்தோஷத்தில் அவர் முன்பைவிட அதிகம் பேசினார். ஒரு ராச்சாப்பாட்டின்போது மகளைச் சீண்டினார்.

"ஏட்டி, எல்லாப் பிள்ளையும் கம்ப்யூட்டர் படிக்கி. நீ பூச்சியப் புடிச்சு ஊசி குத்துதே. இதனால என்ன பிரயோசனம்?"

"பூச்சி இல்லேன்னா பழம் இல்லப்பா. பூவுல மகரந்தம் அதுதான் மாத்தும். தேன், பட்டு, அரக்கு எல்லாம் கிடாதான் கொடுக்குது. செத்துப்போனதைத் தின்னு பூமியைச் சுத்தம் பண்றதும் அதுதான்."

"அப்படியா! அப்போ உங்க அம்மையும் பூச்சிதாம்லா," என்று அப்பா சிரித்தார். "ஓயாம உழைக்கா, வீட்டச் சுத்தமா வச்சிருக்கா. என்ன பேச்சி?"

அம்மாவும் சிரித்தாள். வாய் மூடியிருந்தது. சிரிப்புச் சத்தம் வந்தது.

வைஷாலியின் கையில் சோறு ஆறியது. அப்பா கவனிக்கவில்லை. அவர் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் சமையல் மூலையில் வெல்லப் பொட்டலம் கைதவறி விழுந்து சிதறியது. அள்ளுவதற்குத் துடைப்பத்தை எடுக்கப் போன வைஷாலி, கதவருகிலேயே நின்றுவிட்டாள். அம்மா வெறுங்காலை வெல்லத்தூளின் மேல் வைத்திருந்தாள். ஐந்து விரல்களையும் அகலமாக விரித்து, மெதுவாக அழுத்தி, உள்ளங்காலைத் தேய்த்தாள். கண்கள் மேலே செருகின. நெய் விட்ட பாயசத்தை நாக்கில் வைத்தவளைப் போல முகம் முழுக்க ஒரு நிறைவு பரவியது.

"கோலாப்பூர் வெல்லம்," என்றாள் அம்மா. "போன தடவை வாங்கினதைவிட நல்லாருக்கு. லேசா உப்புக் கரிக்கி."

ஈக்கு ருசி காலில்.

பரீட்சைக்குப் படித்த வரி. ஒரு மதிப்பெண்.

பிறகு விரல் வெட்டுப்பட்ட நாள். அரிவாள்மனையில் புடலங்காய் நறுக்கும்போது அம்மாவின் சுட்டுவிரலில் பாதி ஆழம் இறங்கிவிட்டது. "அம்மா!" என்று வைஷாலி பாய்ந்து கையைப் பிடித்தாள். கை இலேசாக இருந்தது. உலர்ந்த மூங்கில்போல, உள்ளே ஒன்றும் இல்லாதது போல. வெட்டுக்குள்ளே சதை தெரியவில்லை. கஞ்சித் தண்ணீர் போல, லேசான பச்சையோடு, ஒரு சொட்டு வந்து நின்றது.

அம்மா விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "புடலங்காய்த் தண்ணி," என்றாள்.

அன்றைக்கு வைஷாலி பாத்ரூமுக்குள் தாழிட்டுக்கொண்டு, வாளியில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். சொன்னால் என்ன ஆகும்? டாக்டரிடம் கொண்டுபோவார்கள். டாக்டர் விலாவில் குழாயை வைத்துக் கேட்பார். அப்புறம் அம்மாவை விடுவார்களா? செத்துப்போயிருக்க வேண்டிய அம்மா எதிரே நடமாடிக்கொண்டிருக்கிறாள். எப்படி இருந்தால் என்ன? தலையைக் கோதி எண்ணெய் வைக்கிறாள். சாப்பிட்டியா என்று கேட்கிறாள். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லி, இருக்கிறதையும் இழந்துவிடக் கூடாது. ஆனாலும் படுக்கும்போது பாயை அம்மாவின் பக்கத்திலிருந்து அப்பாவின் அந்தப் பக்கத்துக்கு மாற்றிப் போட்டாள்.

வீட்டுக்குப் பின்னாலிருக்கும் சாக்கடையில் ஒரு பெருச்சாளி செத்து ஊதிக் கிடந்தது. தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு முனிசிபாலிட்டி ஆளை எதிர்பார்த்தது. மறுநாள் நாற்றம் இல்லை. பெருச்சாளியும் இல்லை. எலும்புகள் மட்டும் வெள்ளை வெளேரென்று, கழுவித் துடைத்து அடுக்கினதுபோலக் கிடந்தன. அன்றைக்கு அம்மா பசியில்லை என்றாள்.

உண்மை தெரிந்த இடம் கறிக்கடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெபமணி அத்தை அவளைக் கட்கி பஜாருக்குத் துணைக்குக் கூட்டிப்போனாள். கடைக்காரர் காசிம் பாய் மேலப்பாளையத்துக்காரர். அத்தை அவரிடம் தமிழில் சண்டை போடுவதற்காகவே மூன்று கடை தாண்டி அங்கே போவாள்.

"கிடாதானே பாய்? பெட்டையத் தொங்கவிட்டு ஏமாத்துதீரா?"

"என் கடையில பெட்ட தொங்குச்சுன்னா என் பேர மாத்தி வச்சுக்கோங்க. கிடா, அசல் கிடா. தோ, கொம்போட தலை கெடக்கு பாருங்க."

மரக்கட்டையின் மேல் ஓர் ஆட்டுத் தலை இருந்தது. கறுப்பு. வளைந்த கொம்பு. வைஷாலி அதையே பார்த்தாள்.

"அத்தை, கிடான்னா... ஆடா?"

காசிம் பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, தமிழச்சிதானே நீ? ஆம்பிளை ஆட்டுக்குக் கிடான்னு பேரு. பின்ன, குதிரைக்கா?"

கடையை விட்டு வெளியே வந்ததும் வைஷாலி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டாள். அத்தை முதலில் நம்பவில்லை. பிறகு நடுத்தெருவில் நின்று, கறிப்பை ஆட, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "வண்டா! மாடசாமிக்கு வண்டா குடுத்தே! அவரு பல்லு குத்தக்கூடக் காணாதே பிள்ளே!"

"தண்ணி தெளிச்சேன் அத்தை. தலை ஆட்டிச்சு."

அத்தையின் சிரிப்பு நின்றது.

"ஆட்டிச்சா?"

"ரெண்டு தடவை."

மழை தூறத் தொடங்கியது. அத்தை குடையை விரிக்கவில்லை. "எங்க தாத்தா சொல்லுவாரு," என்றாள் மெதுவாக. "சாமி சும்மா உசிரு குடுக்காது. நாம குடுக்க உசிர எடுத்து, போற உடம்புல வச்சுத் தைக்கும்னுவாரு. கிடா உசிருன்னா சூடுள்ள உசிரு, ரத்தம் உள்ள உசிரு. நீ குடுத்தது..." சட்டென்று தலையை உதறிக்கொண்டாள். "சீ, என்னத்தையோ உளறுதேன். வார வெள்ளிக்கிழமை நிஜக் கிடாவக் குடுத்திருவோம். எல்லாம் சரியாப் போவும்."

அதைக் கேட்டதும் வைஷாலிக்கு எத்தனையோ நாள் கழித்து மூச்சு வந்தது. சரியாகப் போகும். வண்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு சாமி அம்மாவைத் தந்துவிடும். "வைசாலி" என்று கூப்பிடும் அம்மாவை.

அப்பாவிடம், ஆஸ்பத்திரியில் வேண்டிக்கொண்டது என்று மட்டும் சொன்னார்கள். அவர் உடனே ஒப்புக்கொண்டார். காசிம் பாய் கறுப்பாக, கொம்போடு, ஊனமில்லாத ஒரு கிடாவைத் தேடிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் ஆற்றங்கரைக்குப் போனார்கள். அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். பாலத்துக்கு அடியில் வெளிச்சம் பழுப்பாக இருந்தது. முளா ஆறு நிறைந்து, சேற்று வாடையோடு, பீடத்துக்குப் பக்கத்தில் உரசிக்கொண்டு ஓடியது. வைஷாலி மண்ணில் ஊசியைத் தேடினாள். இல்லை.

பூசாரி செம்பிலிருந்து மஞ்சள் தண்ணீரை அள்ளிக் கிடாவின் தலையில் தெளித்தார்.

கிடா அசையவில்லை.

மறுபடி தெளித்தார். காதில், முதுகில், கொம்புக்கு நடுவில். நனைந்த ஆடு எதுவானாலும் உடம்பைச் சிலிர்க்கும். இது சிலிர்க்கவில்லை. தாடியிலிருந்து தண்ணீர் சொட்ட, கால் நான்கும் நடுங்க, கழுத்தைத் திருப்பி ஒரே இடத்தைப் பார்த்தபடி நின்றது. அம்மா நின்ற இடத்தை.

"உத்தரவு குடுய்யா, மாடா!" என்று கத்திக்கொண்டு பூசாரி செம்பை அப்படியே கவிழ்த்து வீசினார். தண்ணீர் எல்லோர் மேலும் பட்டது. அம்மாவின் மேலும்.

கும்பிட்ட கை கும்பிட்டபடி இருக்க, அம்மா தலையை ஆட்டினாள்.

வெடுக். வெடுக்.

பூசாரி பார்த்துவிட்டார். அரிவாளைப் பிடித்திருந்த மறு கை மெதுவாக இறங்கியது. அந்த நேரம் கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு பாலத்தூண்களுக்கு நடுவே ஓடியது. "ஏ, ஏ! புடிங்கலே!" என்று அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் பின்னால் ஓடினார். அவர் வேறு எதையும் பார்க்கவில்லை. பூசாரி வைஷாலியின் காதோரம் குனிந்தார். அவர் வாயில் வெற்றிலை வாடை.

"ஆடு கிடைச்சாலும் இங்க கொண்டு வராதீங்க தாயி. சாமி ஏத்துக்கிட்டது ஆட்டை இல்லே."

ஜெபமணி அத்தை வாய்க்குள்ளே ஜெபம் சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்தாள். பிறகு திரும்பினாள். பிறகு ஓடினாள். அந்தக் கனத்த உடம்பு அப்படி ஓடி வைஷாலி பார்த்ததே இல்லை.

அம்மா அவள் தோளில் கை வைத்தாள். எடையே இல்லாத கை.

"வாட்டி, வீட்டுக்குப் போவோம். ரொம்ப இறுக்கமா இருக்கு."

"ரவிக்கையாம்மா?"

"இல்லட்டி. உடம்பு."

வீட்டில் கரண்ட் இல்லை. அம்மா நேரே ஜன்னலுக்குப் போய்க் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லு," என்றாள். வைஷாலி சமையல் மூலைக்குத் திரும்பினாள். மெழுகுவர்த்தியைத் தேடினாள். தீப்பெட்டி நமுத்திருந்தது. ஒரு குச்சி. இன்னொன்று.

பின்னால் ஒரு சத்தம். மொடமொடவென்று கஞ்சி போட்ட சேலையை ஒருவர் மிக நிதானமாகக் கிழிப்பதுபோல. ஆரம்பித்து, நின்று, மறுபடி ஆரம்பித்து.

"அம்மா?"

மூச்சு மட்டும். நாலாபக்கமும்.

குச்சி பற்றிக்கொண்டது. மெழுகுவர்த்தியை ஏற்றி நிறுத்தினாள். வைஷாலி திரும்பினாள்.

அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே நின்றாள். பட்டுச்சேலை காலடியில் கிடந்தது. பிடரியிலிருந்து இடுப்பு வரை முதுகு நேர்கோடாகப் பிளந்திருந்தது. பிளவுக்கு உள்ளே யாரும் இல்லை. மெழுகுவெளிச்சம் அந்தத் தோலுக்குள் நுழைந்து மறுபக்கம் தெரிந்தது. காதில் கம்மல் இருந்தது. விரலில் நகம் இருந்தது. உள்ளேயிருந்து வெள்ளை வெள்ளையாக நூல்கள் தொங்கின. உரித்துப்போட்ட மூச்சுக்குழாய்கள்.

பூச்சிக்கு எலும்பு உள்ளே கிடையாது. தோல்தான் எலும்பு. வளர வேண்டுமானால் அதை விட்டு வெளியே வந்தாக வேண்டும்.

மேலே ஏதோ ஈரமாக அசைந்தது.

பரணின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தாள். வெண்ணெய் நிறம். ஈரம். எந்தச் சுருக்கமும் இல்லாத புது முகம், கல்யாண போட்டோவில் இருக்கிற முகம். கைகள் இரண்டு. அவற்றுக்குக் கீழே, விலாவிலிருந்து, இன்னும் இரண்டு. முதுகில் கசங்கிய துணிபோல ஏதோ சுருண்டு, துடித்துத் துடித்து விரிய முயன்றது.

தோல் உரித்த பூச்சி கொஞ்ச நேரம் பஞ்சு. வைஷாலிக்கு அது தெரியும். காற்றுப் பட்டு இறுகும் வரைக்கும் ஓர் எறும்புகூட அதைக் கொன்றுவிடலாம். அதற்குப் பிறகு முடியாது. அவள் காலருகே அம்மிக்குழவி இருந்தது. குனிந்தாள். எடுத்தாள். இரண்டு கையிலும் கனத்தது.

"குளிருதுட்டி," என்றது அந்த வாய். உதடு அசையாமல். "பயமா இருக்கு. விட்டுட்டுப் போயிராத."

வாசலில் செருப்புச் சத்தம். கதவு தட்டும் சத்தம்.

"பேச்சி! கதவத் தெற. கிடா கெடச்சிட்டு!" அப்பா மூச்சிரைக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஆடு கத்தியது. விடாமல் கத்தியது.

"தெறக்காத," என்றாள் அம்மா. "இன்னும் காயல."

வைஷாலி குழவியைக் கீழே வைத்தாள். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் அட்டையைக் கழற்றினாள். ஸ்டூலின் மேல் ஏறி நின்றாள். அழுதுகொண்டே அம்மாவுக்கு விசிற ஆரம்பித்தாள்.

விசிற விசிற ஈரம் உலர்ந்தது. வெண்ணெய் நிறம் பழுப்பாயிற்று. மொரமொரவென்று எங்கோ இறுகும் சத்தம் கேட்டது. முதுகில் கசங்கியிருந்தது மடிப்பு மடிப்பாகப் பிரிந்து, நீண்டு, இந்தச் சுவரைத் தொட்டு, அந்தச் சுவரைத் தொட்டு, கதவின் தாழ்ப்பாளை மெதுவாக வருடியது.

வெளியே அப்பா இன்னொரு முறை தட்டினார்.